இருப்பது தெரியும், எவ்வளவு என்பது? ஸ்லைப்னர் அதிர்வலை அளவைகள் சொல்லும் பாடம்

வடகடலில், நார்வேயின் ஸ்டாவங்கர் நகருக்கு மேற்கே சுமார் 250 கி.மீ. தொலைவில் ஸ்லைப்னர் எரிவாயுக் களம் இருக்கிறது. அதன் மேற்குப் பகுதியில் எடுக்கும் எரிவாயுவில் கார்பன் டை ஆக்சைடு, அதாவது கரியமில வாயு, 9 சதவீதம் வரை கலந்து வரும். விற்பனைக்குப் போகும் வாயுவில் அது 2.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கடல்மேடையிலேயே, கரியமில வாயுவை உறிஞ்சும் அமீன் கரைசலைக் கொண்டு அதைப் பிரித்துவிடலாம். பிரித்த பிறகு என்ன செய்வது என்பதுதான் கேள்வி. 1991-இல் நார்வே அரசு கடல்மேடைகளில் வெளிவிடும் கரியமில வாயுவுக்கு வரி போட்டது. காற்றில் விட்டு வரி கட்டுவதைவிட நிலத்தடிக்கு அனுப்புவது மலிவு என்று கணக்கு வந்தது. 1996 செப்டம்பரில், அப்போது ஸ்டாட்டாயில் என்றும் இப்போது ஈக்வினார் என்றும் பெயர் கொண்ட நிறுவனம், ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் டன் என்ற அளவில் அதை உட்சிரா என்ற மணற்பாறைக்குள் செலுத்தத் தொடங்கியது.

அதிர்வலையைப் பாறைக்குள் அனுப்பி, திரும்பி வரும் எதிரொலிகளால் படம் எடுத்து, உள்ளே இருப்பது நீரா வாயுவா என்று கண்டுபிடிக்க முயல்பவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சிக்களம் கிடையாது. சாதாரண எரிவாயுக் களத்தில் பாறைக்குள் உண்மையில் எவ்வளவு வாயு இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. கிணறு தோண்டினாலும் அந்த ஒரு புள்ளியில்தான் தெரியும். ஸ்லைப்னரிலோ உள்ளே போன ஒவ்வொரு டன்னையும் குழாயில் இருக்கும் மீட்டர் எண்ணி வைத்திருக்கிறது. வாயு போவதற்கு முன் எடுத்த படமும் இருக்கிறது. விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு தேர்வெழுதுவது போன்ற நிலை இது. அப்படியிருந்தும் எந்த இடத்தில் விடை பிசகுகிறது என்று பார்ப்பதுதான் இந்த ஆய்வின் பயன்.

களத்தின் அளவுகள்

கடலின் ஆழம் அங்கே சுமார் 80 மீட்டர். உட்சிரா மணலின் மேற்பரப்பு கடல்மட்டத்திலிருந்து 800 முதல் 900 மீட்டர் கீழே வருகிறது. தடிமன் 200 மீட்டருக்கு மேல். இறுகாத, உதிரியான மணல். துளைமை, அதாவது பாறையில் துளைகளின் பங்கு, 35 முதல் 40 சதவீதம். நீரையும் வாயுவையும் ஊடுருவ விடும் திறன் (டார்சி என்பது அதன் அலகு) ஒன்று முதல் மூன்று டார்சி வரையும் அதற்கு மேலும் உண்டு. மேலே நார்ட்லாந்து களிப்பாறை தடித்த மூடியாக உட்கார்ந்திருக்கிறது. செலுத்தும் கிணறான 15/9-ஏ-16 ஏறக்குறையக் கிடைமட்டமாக வளைந்து, 1012 மீட்டர் ஆழத்தில், மணலின் அடிப்பகுதிக்கு அருகே வாயுவை விடுகிறது.

மணலுக்குள் ஒரு மீட்டர் தடிமன் மட்டுமே கொண்ட களிப்படலங்கள் பல இருக்கின்றன. களியை அடையாளம் காட்டும், பழைய கிணறுகளின் காமாக்கதிர்ப் பதிவுகளில் அவை சிறு பற்களாகத் தெரிந்தன. 1994-இல் எடுத்த முதல் அதிர்வலைப் படத்தில் அவற்றின் சுவடே இல்லை. உச்சியில் இருக்கும் மணலுக்குக் கீழே மட்டும் ஐந்து, ஆறு மீட்டர் தடிமனில் ஒரு களி இருக்கிறது.

வெப்பநிலையும் கவனிக்க வேண்டியது. கரியமில வாயு 31.1 டிகிரி செல்சியஸ், 7.38 மெகாபாஸ்கல் என்ற புள்ளியைத் தாண்டினால் வாயுவும் அல்லாத திரவமும் அல்லாத நிலைக்குப் போகும். உட்சிரா மணலின் அழுத்தம் அதற்கு மேல். வெப்பநிலையோ அந்தப் புள்ளியை ஒட்டியே நிற்கிறது. உச்சியில் 30 டிகிரிக்குச் சற்றுக் கீழே, செலுத்தும் இடத்தில் 35 டிகிரிக்குச் சற்று மேலே. இந்த எல்லையில் ஓரிரு டிகிரி மாறினாலே அடர்த்தி கணிசமாக மாறும். நிறையைக் கணக்கிடும்போது இது வந்து கடிக்கும்.

அலை ஏன் நீரையும் வாயுவையும் வேறுபடுத்துகிறது

நெட்டலை பாறையை அமுக்கித் தளர்த்திக்கொண்டே போகிறது. அமுக்கும்போது துளைக்குள் இருக்கும் பாய்மமும் (நீரோ வாயுவோ) எதிர்த்து நிற்கிறது. நீர் எளிதில் அமுங்காது, வாயு அமுங்கும். அதனால் வாயு புகுந்ததும் பாறையின் விறைப்பு குறைந்து நெட்டலையின் வேகம் சரிகிறது. குறுக்கலை பாறையை வளைக்க மட்டுமே செய்கிறது. துளையின் கொள்ளளவு மாறுவதில்லை. ஆகவே உள்ளே இருப்பது எதுவானாலும் அதற்கு ஏறக்குறைய ஒன்றுதான்.

இதை எண்ணாக மாற்றுவதற்கு, துளையில் உள்ள பாய்மம் மாறினால் பாறையின் விறைப்பு எப்படி மாறும் என்று புவி இயற்பியலாளர் காஸ்மன் 1951-இல் கொடுத்த சமன்பாடு போதும். ஸ்லைப்னருக்கான உள்ளீடுகள் இவை: உப்புநீர் நிறைந்த உட்சிரா மணலில் நெட்டலை வேகம் 2050 மீ/வி, குறுக்கலை வேகம் 643 மீ/வி, அடர்த்தி கன மீட்டருக்கு 2050 கிலோ. துளைமை 37 சதவீதம். குவார்ட்ஸ் மணியின் பருமக் குணகம் (அமுக்கத்தை எதிர்க்கும் அளவு) 36.9 ஜிகாபாஸ்கல், உப்புநீருக்கு 2.3, கரியமில வாயுவுக்கு 0.075. கடைசி இரண்டின் அடர்த்தி 1030, 700.

கணக்கின் வரிசை முக்கியம். முதலில் அடர்த்தியையும் குறுக்கலை வேகத்தின் வர்க்கத்தையும் பெருக்கினால் விறைப்புக் குணகம் (வளைவை எதிர்க்கும் அளவு) 0.85 ஜிகாபாஸ்கல். நெட்டலைக்கு அதே பெருக்கலைச் செய்து, விறைப்புக் குணகத்தின் மூன்றில் நான்கு பங்கைக் கழித்தால் நீர் நிறைந்த பாறையின் பருமக் குணகம் 7.49 ஜிகாபாஸ்கல். இப்போது காஸ்மன் சமன்பாட்டைத் தலைகீழாக ஓட்டி நீரை எடுத்துவிட வேண்டும். வெறும் மணற்கூட்டின் குணகம் 2.57 ஜிகாபாஸ்கல் என்று வரும். இந்த இடத்தில் குறுக்கலை வேகத்தை ஊகித்துப் போடுபவர்கள் உண்டு. ஊகம் பிழையானால் கூட்டின் குணகமும் பிழையாகி, பின்னால் வரும் எல்லா எண்ணும் சாயும். உதிரி மணலில் இந்தக் கூடு மிக மென்மையானது. அதனால்தான் பாய்மம் மாறினால் இங்கே இவ்வளவு பெரிய வேறுபாடு தெரிகிறது. மூன்று, நான்கு கி.மீ. ஆழத்தில் சிமெண்ட் போல இறுகிய மணற்பாறையில் கூடே விறைப்பாக இருக்கும். அங்கே இதே மாற்றம் மங்கலாகத்தான் தெரியும்.

அடுத்து, நீரும் வாயுவும் கலந்த பாய்மத்தை உள்ளே வைக்க வேண்டும். இரண்டும் நுண்ணளவில் சீராகக் கலந்திருந்தால் ஒவ்வொன்றின் பங்கையும் அதன் குணகத்தால் வகுத்துக் கூட்டி, தலைகீழ் எடுக்க வேண்டும். மென்மையான பொருளே முடிவைத் தீர்மானிக்கும் வகையில் அமைந்த சராசரி இது. வண்டியின் பிரேக் ஆயிலுக்குள் துளிக் காற்று புகுந்தாலே பெடல் தொய்ந்துபோகும் அல்லவா, அதே இயற்பியல்தான். இரண்டும் தனித்தனித் திட்டுகளாக இருந்தால் கதை வேறு. ஒவ்வொரு திட்டும் தனிப் பாறையாக நடந்துகொள்ளும். வேகம் மெல்லத்தான் குறையும்.

| கரியமில வாயுவின் பங்கு | சீரான கலப்பில் வேகம் (மீ/வி) | திட்டுக் கலப்பில் வேகம் (மீ/வி) |
|---|---|---|
| 0 % | 2050 | 2050 |
| 5 % | 1682 | – |
| 10 % | 1570 | – |
| 20 % | 1484 | 1848 |
| 50 % | 1424 | 1639 |
| 80 % | 1416 | 1493 |

இந்த அட்டவணையை நிதானமாகப் பார்க்க வேண்டும். சீரான கலப்பில் முதல் 10 சதவீத வாயுவே வேகத்தில் 480 மீட்டரைத் தின்றுவிடுகிறது. 20-இலிருந்து 80-க்குப் போகும்போது குறைவது 68 மீட்டர் மட்டும். இன்னும் மோசமானது ஒன்று இருக்கிறது: சீரான கலப்பில் 20 சதவீதத்துக்கு 1484, திட்டுக் கலப்பில் 80 சதவீதத்துக்கு 1493. அளந்த வேகம் 1490 என்று வைத்துக்கொள்வோம். அது 20 சதவீதமாகவும் இருக்கலாம், 80 சதவீதமாகவும் இருக்கலாம்.

குறுக்கலை 80 சதவீத வாயுவில் 643-இலிருந்து 659 ஆக உயர்கிறது. அடர்த்தி குறைந்ததால் வந்த சிறு உயர்வு, அவ்வளவே.

படத்தில் தெரிந்தது

1994-க்குப் பிறகு 1999, 2001, 2002, 2004, 2006, 2008, 2010 ஆகிய ஆண்டுகளிலும் அதற்குப் பின்னும் முப்பரிமாண அளவைகள் எடுக்கப்பட்டன. 1999 அளவையின்போது உள்ளே போயிருந்தது 23.5 லட்சம் டன், 2001-இல் 42.6 லட்சம் டன்.

1999 படத்தில், முன்பு வெறுமையாக இருந்த மணலுக்குள் ஒன்பது பளிச்சென்ற பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றன. ஒவ்வொன்றும் ஒரு களிப்படலத்தின் அடியில் தேங்கிய வாயு. 1994-இல் கண்ணுக்குத் தெரியாத ஒரு மீட்டர் களியை, அதன் கீழே ஒதுங்கிய வாயு காட்டிக் கொடுத்தது. வாயு மூன்றே ஆண்டுகளில் மணலின் உச்சிவரை ஏறிவிட்டதும் தெரிந்தது. களிப்படலங்கள் அதைத் தேக்கின, ஆனால் தடுக்கவில்லை.

பளிச்சென்று தெரிவதற்கான காரணத்தையும் எண்ணில் பார்க்கலாம். மூடுபாறையின் வேகம் 2270 மீ/வி, அடர்த்தி 2100 என்று கொண்டால், உப்புநீர் மணலோடு சேரும் பரப்பில் பிரதிபலிப்புக் கெழு, அதாவது அலையின் வீச்சில் திரும்பி வரும் பங்கு, -0.063. அதே மணலில் 80 சதவீத வாயு வந்தால் -0.266. நான்கு மடங்குக்கும் மேல். அலை பரப்பில் விழும் கோணத்தோடு சேர்த்துப் பார்த்தால் இன்னொரு அடையாளமும் கிடைக்கிறது. தோராயமான நேர்கோட்டுச் சமன்பாட்டில், உப்புநீர் மணலின் பிரதிபலிப்பு 30 டிகிரி கோணத்தில் -0.04 அளவுக்கு மங்கும். வாயு மணலினுடையது மங்காமல் -0.28 வரை சற்றுக் கூடும். சிறு கோணத்தில் பலமாக இருந்து பெரிய கோணத்தில் அதைவிடப் பலமாவது மென்மணல் வாயுவின் கையெழுத்து. ஆனால் ஸ்லைப்னரில் இந்தக் கையெழுத்தை நம்பி எண் எடுப்பது கடினம். ஏன் என்பதற்கு அடுத்த பகுதி.

தடிமன் என்ற குழப்பம்

வாயு நிறைந்த மணலில் வேகம் 1416. அலையின் முதன்மை அதிர்வெண் 45 ஹெர்ட்ஸ் என்றால் அலைநீளம் சுமார் 31 மீட்டர். அதில் கால் பங்கு, ஏறக்குறைய 8 மீட்டர், ஒரு முக்கிய எல்லை. அடுக்கு அதைவிடத் தடித்திருந்தால் மேற்பரப்பின் எதிரொலியும் கீழ்ப்பரப்பின் எதிரொலியும் தனித்தனியாகப் பிரியத் தொடங்கும். மெலிந்திருந்தால் இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிடும். அப்போது இரண்டு உச்சிகளுக்கும் இடையிலான நேரம் தடிமனைச் சொல்லாது. எதிரொலியின் வீச்சுதான் தடிமனுக்கு ஏற்ப ஏறும், 8 மீட்டரில் உச்சம் தொடும், பிறகு இறங்கும்.

ஸ்லைப்னர் அடுக்குகளில் பெரும்பாலானவை இந்த எல்லைக்குக் கீழே. எனவே வீச்சைத் தடிமனாக மாற்றும் முறை அங்கே கைகொடுத்தது: அடுக்கின் விளிம்பில் தடிமன் சுழி, உச்ச வீச்சில் 8 மீட்டர், இடையில் ஏறக்குறைய நேர்விகிதம். இந்த மாற்றத்துக்குள் ஓர் ஊகம் மறைந்திருக்கிறது. அடுக்கு முழுவதும் வாயுவின் பங்கு ஒன்றே என்று எடுத்துக்கொள்கிறோம். உண்மையில் விளிம்பில் அடுக்கும் மெலியும், வாயுவின் பங்கும் குறையும். மங்கிய விளிம்பு மெல்லிய அடுக்காலா, நீர்த்த வாயுவாலா என்பதை வீச்சு மட்டும் சொல்லாது. கோணத்தோடு மாறும் வீச்சும் இதே கலப்பில் சிக்குகிறது. கோணம் கூடும்போது மேல், கீழ் எதிரொலிகளுக்கு இடையிலான நேரம் சுருங்குவதால், பாய்மத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் வீச்சு மாறும். மெல்லிய அடுக்கில் இந்தத் திருத்தத்தைச் செய்யாமல் கோண வரைபடத்தில் புள்ளிகளைக் குத்தி வாயு, நீர் என்று பிரிப்பது தவறான முடிவுக்கே கொண்டுபோகும்.

இரண்டாவது சாட்சி நேரம். வாயுப் பகுதியைக் கடந்து போய் வரும் அலை தாமதமாக வருவதால், அதற்குக் கீழே உள்ள மட்டமான பரப்புகள் படத்தில் தொங்கிப்போய்த் தெரியும். வேகம் 2050-இலிருந்து 1416-க்கு விழும் ஒவ்வொரு மீட்டர் வாயு மணலும் 0.44 மில்லி வினாடித் தாமதம் தரும். 10 மீட்டருக்கு 4.4. மணலின் அடிப்பரப்பு நடுப்பகுதியில் பல பத்து மில்லி வினாடிகள் தொங்கியது. தாமதத்தின் பலம் என்னவென்றால், அது வழியில் இருந்த வாயு அனைத்தையும், எதிரொலி தராமல் சிதறிக் கிடப்பதையும் சேர்த்துக் கூட்டிச் சொல்லும். பலவீனமும் அதுவே. எந்த அடுக்கில் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. வீச்சிலிருந்து கிடைத்த தடிமன்களைக் கூட்டி, அவை தர வேண்டிய தாமதத்தைக் கணக்கிட்டு, அளந்த தாமதத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே சரியான வழி. அளந்தது கூடுதலாக இருந்தால் அடுக்குகளுக்கு இடையே மெலிதாகப் பரவிய வாயு இருக்கிறது என்று பொருள்.

சீரான கலப்பா, திட்டா?

இதை ஊகத்துக்கு விட்டுவிட வேண்டியதில்லை. அலை ஒரு முறை அமுக்கித் தளர்த்தும் நேரத்துக்குள் துளை அழுத்தம் எவ்வளவு தூரம் சமன்படும் என்று கணக்கிடலாம். ஊடுருவும் திறனைப் பாய்மத்தின் குணகத்தால் பெருக்கி, அதிர்வெண்ணாலும் பாகுநிலையாலும் வகுத்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். இரண்டு டார்சி, 40 ஹெர்ட்ஸ், நீரின் பாகுநிலை 0.8 மில்லிபாஸ்கல்-வினாடி என்று போட்டால் சுமார் 40 சென்டிமீட்டர் வருகிறது. வாயுத் திட்டுகள் அதைவிடச் சிறியவையானால் கலப்பு சீரானதாக நடந்துகொள்ளும், பெரியவையானால் திட்டாக.

இதில் கிணற்றுப் பதிவை நம்புபவர்களுக்கு ஒரு பொறி இருக்கிறது. கிணற்றுக்குள் இறக்கும் ஒலிக்கருவி 10,000 ஹெர்ட்ஸ் அளவில் வேலை செய்கிறது. அதற்கு அதே தூரம் இரண்டரை சென்டிமீட்டர் ஆகச் சுருங்கிவிடும். பத்து சென்டிமீட்டர் திட்டுகள் கொண்ட ஒரே பாறை கிணற்றுக் கருவிக்குத் திட்டாகவும், கடல்மேல் போகும் அளவைக்குச் சீராகவும் தெரியும். கிணற்றில் அளந்த வேகத்தை அப்படியே அதிர்வலைப் படத்தோடு பொருத்தினால் வாயுவின் பங்கு தவறாக வரும்.

2010-இல் உச்சி அடுக்குக்கு நல்லதொரு வாய்ப்பு கிடைத்தது. அந்த ஆண்டு அழுத்தத்தையும் துகள் வேகத்தையும் சேர்த்துப் பதியும், கப்பல் இழுத்துச் செல்லும் இரட்டை உணரிக் கேபிளைப் பயன்படுத்தினார்கள். கடற்பரப்பில் மோதித் திரும்பும் எதிரொலியை நீக்க முடிந்ததால் பதிவான அதிர்வெண்களின் வரம்பு அகன்றது. உச்சி அடுக்கும் அதற்குள் போதுமான தடிமன் பெற்றிருந்தது. மேற்பரப்பும் கீழ்ப்பரப்பும் பிரிந்து தெரிந்தன. அடுக்கின் வேகம் 1428 மீ/வி, பிழை 95 கூடவோ குறையவோ என்று கணக்கிட்டார்கள். நம் அட்டவணையில் வைத்துப் பார்ப்போம். பிழையின் மேல் எல்லை 1523. திட்டுக் கலப்பாக இருந்தால் அந்த வேகத்துக்கு 73 சதவீத வாயுவாவது வேண்டும். பாதி வாயு, பாதி நீர் என்ற திட்டுக் கலப்பு இதோடு அடிபட்டுப் போகிறது. ஆனால் சீரான கலப்பென்றால் 14 சதவீதத்திலிருந்து மேலே எதுவும் பொருந்தும். இவ்வளவு நல்ல அளவைக்குப் பிறகும் அதிர்வலை தரும் பதில் இதுதான்.

அதிக வாயு என்று சொல்லும் தைரியம் அதிர்வலையிலிருந்து வருவதில்லை, மணலின் இயல்பிலிருந்து வருகிறது. நீருக்கும் வாயுவுக்கும் அடர்த்தி வேறுபாடு 330 கிலோ. ஐந்து மீட்டர் உயர வாயு மேல்நோக்கித் தரும் அழுத்தம் 16 கிலோபாஸ்கல். உட்சிரா போன்ற உதிரி மணலின் துளைகளுக்குள் நுழைய அதைவிடச் சிறிய அழுத்தம் போதும் என்பதால், தேங்கிய அடுக்கின் மேற்பகுதியில் வாயுவின் பங்கு 80 சதவீதத்தை ஒட்டி இருப்பதே இயல்பு. இந்தத் தர்க்கத்தை வெளிப்படையாக எழுதி வைக்க வேண்டும். அறிக்கையில் 80 சதவீதம் என்று மட்டும் போட்டுவிட்டு, அது அதிர்வலையில் அளந்தது என்று வாசகர் நம்பும்படி விடுவது நியாயமில்லை.

இதன் விளைவு நிறையில் எப்படி விழுகிறது பாருங்கள். ஒரு சதுர கி.மீ. பரப்பு, 5 மீட்டர் தடிமன், 37 சதவீதத் துளைமை, 80 சதவீத வாயு, 700 கிலோ அடர்த்தி: 10.4 லட்சம் டன், ஓராண்டு முழுவதும் செலுத்தியது. வாயுவின் பங்கை 20 சதவீதம் என்று மாற்றினால் 2.6 லட்சம் டன். படம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே.

எடை பார்க்கும் இரண்டாம் கருவி

கடலடியில் கான்கிரீட் மேடைகளை நிரந்தரமாக வைத்து, 2002, 2005, 2009 ஆகிய ஆண்டுகளில் அவற்றின் மேல் ஈர்ப்புமானியை இறக்கி அளந்தார்கள். வாயு நீரைத் தள்ளிய இடத்தில் நிறை குறைகிறது, ஈர்ப்பும் குறைகிறது. 10 லட்சம் டன் கரியமில வாயு 700 கிலோ அடர்த்தியில் 14.3 லட்சம் கன மீட்டரை நிரப்பும். அங்கே குறையும் நிறை 4.7 லட்சம் டன். கடலடியிலிருந்து 820 மீட்டர் கீழே ஒரே புள்ளியில் இருப்பதாகக் கொண்டால் ஈர்ப்பு 4.7 மைக்ரோகால் (ஈர்ப்பை அளக்கும் மிகச் சிறிய அலகு) குறையும். அடர்த்தி 500 என்றால் அதே டன்னேஜுக்கு 10 மைக்ரோகாலுக்கு மேல் வரும். ஒரு சில மைக்ரோகால் துல்லியம் கொண்ட கருவிக்கு இந்த வேறுபாடு, பல ஆண்டு இடைவெளியில் சேர்ந்த பிறகு, பிடிபடும். சராசரி அடர்த்தி 700-ஐ ஒட்டியது என்பதை இந்த அளவைகள்தான் உறுதிப்படுத்தின.

நீரில் கரைந்துபோன பகுதியை மட்டும் அதிர்வலையால் காண முடியாது. கரைந்த வாயு நீரின் குணகத்தை ஏறக்குறைய மாற்றுவதே இல்லை. செலுத்திய நிறைக்கும் படத்தில் கணக்கிட்ட நிறைக்கும் இடைவெளி வந்தால், அதைக் கசிவு என்று சொல்வதற்கு முன் கரைசல், மெலிதாகப் பரவிய வாயு, வாயுவின் பங்கு பற்றிய ஊகம் ஆகிய மூன்றையும் ஒவ்வொன்றாகக் கழிக்க வேண்டும்.

பிழை நுழையும் இடங்கள்

முதலாவது, ஆண்டுகளை ஒப்பிடுவது. கேபிள் வேறு, அலை எழுப்பும் கருவி வேறு, நீரின் வெப்பம் வேறு, அலையேற்றம் வேறு. இவற்றைச் சமன்செய்யும் வடிகட்டியை, மணலுக்கு மேலே உள்ள, மாறாத பகுதியில் மட்டுமே கணக்கிட வேண்டும். அந்தச் சாளரத்துக்குள் வாயுப் பகுதி தவறியும் நுழைந்தால், வடிகட்டி உண்மையான மாற்றத்தையே பிழை என்று நினைத்து அழிக்கத் தொடங்கும். சமன்செய்த தரத்தைப் பார்க்க, இரு படங்களின் வித்தியாசத்தின் சராசரி வர்க்கமூல அளவை 200 ஆல் பெருக்கி, இரு படங்களின் அதே அளவுகளின் கூட்டுத்தொகையால் வகுப்பது வழக்கம். இரண்டும் ஒன்றேயானால் சுழி. ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாவிட்டால் 141. ஒன்று மற்றதன் தலைகீழானால் 200. மேற்பகுதியில் இந்த எண் சிறிதாக இல்லாமல் கீழே தெரியும் மெல்லிய மாற்றங்களைப் பற்றிப் பேசக் கூடாது.

இரண்டாவது, பன்மை எதிரொலி. 80 மீட்டர் நீரில் அலை ஒருமுறை மேலும் கீழும் போய்வர 108 மில்லி வினாடி ஆகும். உட்சிரா மணலின் தடிமன் நேரத்தில் சுமார் 200 மில்லி வினாடி. ஆக, உச்சி அடுக்கின் பளிச்சென்ற எதிரொலி கடல்நீரில் ஒருமுறை சுற்றிவிட்டு, மணலின் நடுவே பொய் அடுக்காக வந்து உட்காரும். மேலே உள்ள அடுக்கின் வடிவத்தை அப்படியே நகல் எடுத்தது போல 108 மில்லி வினாடி கீழே ஓர் அடுக்கு தெரிந்தால், அதை வாயு என்று எண்ணுவதற்கு முன் பன்மை நீக்கத்தைத் திரும்பச் செய்து பார்க்க வேண்டும்.

மூன்றாவது, நிழல். பிற்கால அளவைகளில் கீழ் அடுக்குகள் மங்கின. வாயு அங்கிருந்து மேலே போய்விட்டதா? மேலே உள்ள எட்டு அடுக்குகளும் ஆற்றலைத் தடுத்ததால் ஒளி குறைந்ததா? தொங்கும் நேரங்களைச் சரியான வேக மாதிரியில் திருத்தாததால் படம் கலைந்ததா? மூன்றும் ஒரே தோற்றத்தைத் தரும். கீழ் அடுக்கில் வாயு குறைந்தது என்ற முடிவை வீச்சை மட்டும் வைத்து எழுதுவது ஆபத்து.

நான்காவது, பழைய பளிச்சுகள். மூடுபாறைக்கு மேலே, வாயு செலுத்துவதற்கு முன்பே, இயற்கையான ஆழமற்ற வாயுத் தேக்கங்களின் ஒளிப்புள்ளிகள் அந்தப் பகுதியில் இருந்தன. 1994 படம் இல்லாமல் 1999 படத்தை மட்டும் பார்த்திருந்தால், கசிவு என்று அலறியிருப்பார்கள். முதல் படம் எடுக்காமல் செலுத்தத் தொடங்கும் எந்தத் திட்டத்துக்கும் இந்தச் சிக்கல் காத்திருக்கிறது.

மீத்தேன் களத்துக்கு இதை எடுத்துப் போனால்

எரிவாயு தேடும் இடத்தில் முந்தைய படம் என்று ஒன்று கிடையாது. ஒரே படத்தில், ஒரே பளிச்சைப் பார்த்து, கிணறு தோண்டலாமா என்று முடிவெடுக்க வேண்டும். உட்சிரா போன்ற மணலில், 9 மெகாபாஸ்கல் அழுத்தத்தில் மீத்தேனை வைத்து அதே கணக்கை ஓட்டுவோம். அதன் குணகம் சுமார் 0.012 ஜிகாபாஸ்கல், அடர்த்தி 65 கிலோ. கரியமில வாயுவைவிட ஆறு மடங்கு மென்மை, பத்தில் ஒரு பங்கு அடர்த்தி. சீரான கலப்பில் 5 சதவீத மீத்தேனுக்கு வேகம் 1438 மீ/வி. 90 சதவீதத்துக்கு 1469. வேகம் குறைவதற்குப் பதில் சற்றுக் கூடியே போகிறது, பாறை இலேசாகிவிடுவதால். வேகத்தைப் பார்த்து வாயு எவ்வளவு என்று சொல்ல வழியே இல்லை. மேற்பரப்பின் பிரதிபலிப்புக் கெழு முதலாவதில் -0.24, இரண்டாவதில் -0.305. மேலே உள்ள களியின் துளைமை சிறிது மாறினாலே இந்த வித்தியாசம் மறைந்துவிடும். சோடா பாட்டில் போல நீரில் சிறு குமிழிகளாக இருக்கும் பயனற்ற வாயுவும் வணிக அளவுக் களமும் ஒரே பளிச்சாகத் தெரிவதற்கு இதுவே காரணம். பளிச்சை நம்பித் தோண்டி நீர் வந்த கிணறுகளில் பல இப்படித் தோண்டியவைதான்.

பிரித்துக் காட்டுவது அடர்த்தி: 5 சதவீதத்தில் 2033, 90 சதவீதத்தில் 1729. பதினைந்து சதவீத வேறுபாடு. அதிர்வலையிலிருந்து அடர்த்தியை எடுக்க 40 டிகிரிக்கு மேலான கோணங்களும், நீண்ட கேபிளும், அந்தத் தொலைவிலும் இரைச்சல் குறைந்த பதிவும் வேண்டும். மூன்றும் சேர்ந்து கிடைப்பது அரிது. கிடைக்காதபோது, கேள்வியை அதிர்வலையிடமே திரும்பத் திரும்பக் கேட்பதை விட்டு மின்தடையிடம் கொண்டுபோவது நல்லது. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும், வாயு கடத்தாது. ஆர்ச்சி என்பவர் 1942-இல் கொடுத்த விதியில் நீரின் பங்கின் வர்க்கத்துக்குத் தலைகீழாக மின்தடை ஏறும். 5 சதவீத வாயு இருக்கும் மணலில் மின்தடை 1.1 மடங்கு, 90 சதவீதத்தில் 100 மடங்கு. இந்த மின்தடையை அளக்கும் கடலடி மின்காந்த அளவையின் படம் மங்கலானது, அடுக்கின் விளிம்பை அது கூராகக் காட்டாது. எனவே எங்கே, எந்த ஆழத்தில், எவ்வளவு பரப்பில் என்பதை அதிர்வலைப் படத்திலிருந்து எடுத்து, மின்காந்தக் கணக்குக்கு எல்லையாகக் கொடுத்துவிட்டு, அந்த எல்லைக்குள் 1.1 மடங்கா 100 மடங்கா என்று மட்டும் கேட்க வேண்டும்.